பதினேழாம் உறை

ராணிப்பேட்டையில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் கேட்டார்,
"மஞ்சத் தண்ணிக்கா?"
வேறு முகவரி தேவைப்படவில்லை.

ஆலை மூடி என் வயதாகிறது.
முன்கேட்டின் சாவி வழக்கோடு சேர்ந்து
எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறதாம்.
பின்சுவரில் ஆள் குனிந்து நுழையும் ஓட்டை.
காவல்காரர் எத்திராஜ் அதைத்தான் வாசல் என்கிறார்.

உள்ளே, தலைகீழாய் ஒரு சுரங்கம்.
எந்த ஊர் மலையிலோ வெட்டிய குழி
இங்கே வந்து மேடாகக் கிடக்கிறது.
வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்,
தோல் பதமானது, செருப்பானது, கப்பலேறியது.
வேண்டாதது ஏறவில்லை.
வெயிலில் அதன் மேல் உப்புப் பூக்கிறது.
மழைக்கு மறுநாள்
மஞ்சள் நீராட்டு நடந்த வீட்டு வாசல்போல்
சாக்கடை முழுக்க ஒரே நிறம்.

எவர்சில்வர் கத்தி கூடாது என்பது விதி:
அதன் மினுக்கே குரோமியம், கணக்கைக் கெடுக்கும்.
மூங்கில் சிராயால் கிளறுகிறேன்.
பகல் ஒரு மணிக்கு
எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம்.

எருக்கு, நாயுருவி, ஆவாரை,
வேலிக்காத்தான், பிறகும் வேலிக்காத்தான்.
வேர் தனி, தண்டு தனி, இலை தனி.
உலோகத்தில் பெரும்பங்கை வேரே வைத்துக்கொள்ளும்,
இலைக்குப் போவது மிச்சம்.
அந்த மிச்சம் எவ்வளவு என்பதற்குத்தான்
மாதம் பன்னிரண்டாயிரம் எனக்கு.

நீர் கசிந்து நிற்கும் ஓரத்தில்
மூக்கிரட்டை படர்ந்திருந்தது.
இவ்வளவு பச்சையை அந்த மண் தந்திருக்கக் கூடாது.
நான் குனிந்தபோது எதிர்ப்பக்கம்
இன்னொரு கை குனிந்தது.

"வேரோட புடுங்காத மா, தழையாது.
நுனிய கிள்ளிக்க."
ஞானசுந்தரி.
இடுப்பில் சிமெண்டுச் சாக்கு,
அதில் பதினோரு கட்டு.
எனக்கு வேர்தான் வேண்டும் என்றேன்.
"வேரத் துன்ற வியாதி இன்னா அது?"

சொன்னேன்.
மண்ணை, தண்ணீரை, இலையை,
ஈரலை, தோல் புண்ணை,
எனக்குத் தெரிந்த வரிசையில், தெரிந்த சொற்களில்.
நடுவே எங்கோ ஆங்கிலமும் வந்தது.
அவள் கட்டுகளை எண்ணிக்கொண்டே கேட்டாள்.
சட்டென்று பாவாடையை ஒரு சாண் தூக்கிக்
கணுக்காலைக் காட்டினாள்.
"இதுவா?"
எழுதுகோலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

"பம்புல வர்றதும் இந்தத் தண்ணிதான்.
அத குடிக்கிறோம்.
கீரய விக்கிறோம்.
இதுல எத நிறுத்தச் சொல்ற?"

ஒரு கட்டு வாங்கினேன். இருபது ரூபாய்.
பழுப்புக் காகித உறையில் போட்டுப்
பதினேழு என்று எழுதினேன்.
'சேகரித்த இடம்' என்ற கட்டத்தில் தயங்கியபோது
அவளே சொன்னாள்:
"வாலாஜா மார்க்கெட்டுன்னு போடு.
அங்கதான் போவுது."

ஆய்வகத்தில் மூன்று முறை கழுவினேன்.
அடுப்பில் எழுபது பாகையில் இரண்டு நாள்.
மற்ற உறைகள் வைக்கோலாய் மணந்தன.
பதினேழைத் திறந்ததும்
பூண்டு தேடி நிமிர்ந்தது மூக்கு.
கட்டியிருந்த வாழைநாரை எடைபோடுவதா என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
தராசுக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது.

செலவுச் சீட்டு திரும்பி வந்தது.
தானாக முளைத்த செடிக்கு விலை ஏது,
ரசீது எங்கே என்று சிவப்பு மையில்.

நியாயம்தான்.
நான் விலை கொடுத்தது ஒரு கட்டுக்கு.
மீதிப் பத்தும்
பின்படிக்கட்டில் சாக்கோடு ஏறியதை,
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் கேட்டதை,
பேருந்து வளைவில் மறையும்வரை
மூங்கில் சிராயும் கையுமாய்
பார்த்துக்கொண்டு நின்றேன்.